கணக்கெடுப்பு கிடக்கட்டும், குரல் கம்மல்தான் கவலை

கேள்வி: வயது 51, உசிலம்பட்டி பக்கம். முப்பது வருஷமாகத் தினம் ஒரு கட்டு பீடி. போன வாரம் புகையிலைக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம், மருமகள் பக்கத்தில் நின்றதால் பழக்கமே இல்லை என்று சொல்லிவிட்டேன். பின்னால் சிக்கல் வருமா? விரல்கள் மஞ்சளாகிவிட்டன. காலையில் சளி. ஒன்றரை மாதமாகக் குரல் கம்மல்; மெடிக்கலில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டும் சரியாகவில்லை. இணையத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால் விக்கல்தான் வருகிறது.

பதில்: அந்தப் பொய்யால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கெடுப்பில் சொல்வது பெயரோடு வெளியே வராது. எல்லோர் பதிலோடும் கலந்து சதவீதமாகிவிடும். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் எடுத்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், புகைப்பது, மெல்லுவது எல்லாம் சேர்த்து 2009–10இல் நாட்டில் 34.6 சதவீதம், 2016–17இல் 28.6. தமிழ்நாட்டிலோ 16.2இலிருந்து 20 ஆக ஏறியது. வீட்டார் முன்னால் மறைப்பவர்கள் இரண்டு தடவையும் இருந்திருப்பார்கள். அதனால் நிஜ அளவு காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு அவ்வளவாகக் கெடாது. இதைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், வந்தவர் கோட்டை விட்டிருக்கிறார். காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைப்பது வேறு சங்கதி. அங்கே பணம் தர மறுக்கலாம்.

மஞ்சள் விரலை மறந்துவிடுங்கள், அது வெறும் கறை.

குரலுக்கு வருவோம். பீடி பிடிப்பவருக்கு மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் தொண்டைக்குள் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோய்தானா என்று கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது, இணையமும்தான். குரல் நாண் வீக்கமாகவோ சின்னக் கட்டியாகவோ இருக்கலாம். புற்றாகவே இருந்தாலும், குரல் நாணில் வருவது சீக்கிரமே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே பிடித்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ குணமாகும், குரலும் பெரும்பாலும் தப்பும். இரண்டு தடவை ஆன்டிபயாடிக் விழுங்கி நீங்கள் வீணாக்கியது அந்த நாட்களைத்தான். மூன்றாவது தடவை வேண்டாம். அதிமதுரம் மெல்லுவதும் இதற்கு மருந்தில்லை.

இந்த வாரமே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயால் குரல் நாணைப் பார்ப்பார்கள், சில நிமிஷ வேலை. சளியில் ரத்தம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே. மூச்சு இழுத்தாலே சத்தம் வந்தால் அவசரப் பிரிவுக்கு. காலைச் சளிக்கு நுரையீரல் ஊதும் பரிசோதனை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே மட்டும் பீடி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருமகளை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

சூயிங்கம்மைக் குழந்தைகள் மிட்டாய் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் திரும்ப மெல்லுங்கள், அரை மணி நேரம். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது. கணக்கெடுப்பில் ஆமாம் என்றிருந்தால், எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி என்றும் கேட்டிருப்பார்கள். அரை மணிக்குள் என்றால் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் உங்களுக்குப் போதாது. 4 மில்லிகிராம் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். 1800-11-2356 இலவச எண்ணிலும் விட உதவுவார்கள். ஆனால் முதலில் தொண்டை.