பொட்டரூவா, வொலமை பைனா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் வயிற்றுப்பை விலங்கான கில்பர்ட் பொட்டரூ, ஆதிகால மரமான வொலமை பைன் இரண்டில் எதைக் காப்பாற்றுவது கடினம்?

பதில்: பொட்டரூவைத்தான். இரண்டும் 1994இல் கண்ணில் பட்டவை. சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் டேவிட் நோபிள் பைனைக் கண்டார். நூறாண்டுக்கு மேல் அழிந்துபோனதாக நம்பப்பட்ட பொட்டரூ, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே டூ பீப்பிள்ஸ் பே காப்பகத்தில், குவோக்கா என்ற வேறொரு சிறு வயிற்றுப்பை விலங்குக்கு வைத்த கூண்டில் சிக்கியது.

காட்டில் முதிர்ந்த பைன்கள் நூறுகூட இல்லை. ஆனால் போத்து (வெட்டி நடும் தண்டுத் துண்டு) வைத்தால் வேர் பிடிக்கும். இன்று பல நாடுகளில் தொட்டிகளில் வளர்கிறது. பொட்டரூ அப்படியல்ல. ஒரு கிலோ எடையுள்ள அந்த விலங்குக்கு உணவே மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சைதான். கூண்டில் வளர்த்து இனம் பெருக்கும் முயற்சிகள் தோற்றன. ஆகவே நரியும் பூனையும் இல்லாத, பூஞ்சை விளையும் அடர்ந்த புதர்க்காட்டைத் தேடி விடுவதே வழி. 2005இல் ஆல்பனிக்கு அருகே உள்ள பால்ட் தீவில் விடத் தொடங்கினார்கள். 2015 நவம்பரில் காப்பகத்தில் அதன் வாழிடத்தின் பெரும்பகுதி தீயில் கருகியபோது, இனம் ஒரேயடியாக அழியாமல் காத்தது இந்த ஏற்பாடுதான்.

மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 2019-20 காட்டுத்தீயில் வீரர்களை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கி, குழாய் பதித்து மண்ணை நனைத்தார்கள்.

இரண்டுக்கும் பொது எதிரி ஒன்று உண்டு: பைட்டோப்தோரா சின்னமோமி என்ற நோய் நுண்ணுயிர். ஈரமண்ணில் நீந்திப் பரவும் இதன் வித்துகள் வேரை அழுகவைக்கும். பைன்களுக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒன்றைச் சாய்ப்பது எல்லாவற்றையும் சாய்க்கலாம். பொட்டரூ காட்டிலோ புதர்கள் பட்டுப்போக, மறைவிடமும் வேரை ஒட்டி வாழும் பூஞ்சையும் சேர்ந்தே போகும். காலணி மண்ணே இதைச் சுமந்து செல்வதால், காட்டுக்குள் நுழையுமுன் முதலில் பிரஷ்ஷால் மண்ணை முழுக்கத் தேய்த்தெடுத்து, பிறகு 70 சதவீத மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளித்து உலரவிட வேண்டும். மண் ஒட்டியிருக்கத் தெளித்தால் கட்டிக்குள் மருந்து இறங்காது, வித்து பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: வொலமை போத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

பதில்: நேராக மேல்நோக்கி வளரும் தண்டிலிருந்து. பக்கக் கிளையில் எடுத்தால் வேர் பிடித்த பின்னும் பக்கவாட்டிலேயே படரும். குளிர்காலத்தில் மொட்டின்மேல் வெள்ளைப் பிசின் மூடி உருவாகும். அது மொட்டுக்குக் கவசம்; மாவுப்பூச்சி என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.