காட்டுத்தீ அணைக்கிற வேலைக்கு ஃபயர் அண்ட் சேஃப்டி படிக்கலாமா?

போடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்துவிட்டேன், காட்டுத்தீ அணைக்கிற வேலைக்குப் போக ஆசை, ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவில் சேரலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் படிப்பு தொழிற்சாலை, கட்டட வேலை மாதிரி இடங்களுக்கானது. நம் நாட்டில் காட்டில் பிடிக்கிற தீ வனத்துறையின் பொறுப்பு. அமெரிக்காவில் இருப்பது போல அதற்கென்றே தனிப் படை இங்கே கிடையாது, யானையை விரட்டுகிற அதே வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும்தான் பிப்ரவரி பிறந்தால் தீக்கும் ஓடுகிறார்கள். அதனால் நீங்கள் போக வேண்டியது வனத்துறைக்கு.

சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் வனக்காப்பாளர் பணி, இப்போது டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வழியாக எடுக்கிறார்கள். ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், அதற்கு இன்றிலிருந்தே நடங்கள். படிக்க வசதி இருந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் 4 வருடம், அப்புறம் வனச்சரகர், ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) என்று மேலே போகலாம். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி.

சரி, வேலை எப்படியிருக்கும்? தண்ணீர் லாரி ஏற முடியாத சரிவில் பச்சைக் கொப்பை ஒடித்து அடிப்பதும், ப்ளோயரால் சருகை ஊதி ஒதுக்குவதும், எரிய எதுவுமே இல்லாத கோடு ஒன்றைத் தீக்கு முன்னால் வெட்டுவதும்தான். தீ பெரும்பாலும் மேட்டைப் பார்த்து ஓடும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் வைத்துக்கொள்கிற கணக்கு, ஏனென்றால் தீநாக்கு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது, பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. எரிகிற தீக்கு மேலே காய்ந்த புல்லில் நிற்கவே கூடாது. 2018 மார்ச்சில் உங்கள் ஊருக்கு மேலே குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அப்படிப்பட்ட புல்சரிவில்தான். காற்று அடங்கி ஈரம் ஏறுகிற இரவிலும் விடியற்காலையிலும் தீயை மடக்குவது சுலபம், ஆபத்து வந்தால் ஏற்கெனவே எரிந்து ஆறிய கருகல் நிலம்தான் ஒதுங்குகிற இடம். தப்பிக்கிற வழியைப் பார்த்து வைக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

கணினியில் வரைபடத் தகவலைக் கையாளுகிற ஜிஐஎஸ்ஸும் கற்றுக்கொள்ளுங்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோளில் வெப்பப் புள்ளி தெரிந்ததும் குறுஞ்செய்தி அனுப்புகிறது, ஆனால் அந்தப் புள்ளி பெரும்பாலும் 375 மீட்டர் சதுரம், அதற்குள் எந்த ஓடை, எந்த முகடு என்று மலை தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நீங்கள் அந்த மலையடிவாரத்துப் பிள்ளை, பாதி தெரிந்திருக்கும்.

சேர்வதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்றால், ஜனவரியில் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். தீக்காலத்துக்கு மட்டும் தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர்களை எடுப்பதுண்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டவும் ஆள் தேவைப்படும்.