லக்கேசிஸ் மூட்டா என்ற பெயர் எப்படி வந்தது?

வன்னி வயல் வரம்புகளில் நாம் அஞ்சும் கண்ணாடிப் புடையனும், நீங்கள் கேட்ட லக்கேசிஸ் மூட்டா என்ற அறிவியற்பெயருடைய தென்னமெரிக்கப் புஷ்மாஸ்டர் பாம்பும் ஒரே குடும்பத்தவையே. எனினும், கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே வெப்பமுணரும் குழி பின்னதற்கு மட்டுமே உண்டு. 3 மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய இக்குழிவிரியனை 1766இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் கிலுகிலுப்பைப் பாம்புகளோடு சேர்த்து வகைப்படுத்தினார். ஆனால் வாலை அதிர்த்தாலும் ஒலிப்பதற்குக் கிலுகிலுப்பை இல்லாததால், இலத்தீனில் ‘ஊமை’ எனப் பொருள்படும் சொல்லை அதற்குச் சூட்டினார். ‘மூட்டா’ அதிலிருந்து வந்ததே. 1803இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தோதன் அதற்கெனத் தனிப்பேரினம் வகுத்து, கிரேக்கத் தொன்மத்தில் மனிதரின் ஆயுள் நூலை அளக்கும் விதித்தெய்வமான லக்கேசிஸின் பெயரை இட்டார். நஞ்சுள்ள பாம்புக்கு இது பொருத்தமான பெயர்தான். ‘ஊமை’ என்பதைத்தான் நான் முழுதாக ஏற்கமாட்டேன். காய்ந்த சருகில் அதன் வால் அதிரும்போது ஓசை நன்றாகவே கேட்கும்.