ரோந்து வண்டிகளை நகரம் முழுக்கச் சமமாகப் பிரித்தால் குற்றம் குறையுமா?

குறையாது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972–73இல் 15 பீட்களில் (ரோந்துப் பகுதிகளில்) சோதித்தார்கள்: சிலவற்றில் வழக்கமான ரோந்து, சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு, மீதியில் கூப்பிட்டால் மட்டும். குற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே போலீசுக்கான பாதி அழைப்புகள் வந்தன. குற்றம் அப்படித்தான் குவிகிறது.

ஆகவே ஓராண்டு அழைப்புகளைத் தெருமுனைவாரியாக, மணிவாரியாக வரைபடத்தில் குறியுங்கள். வார்டு கணக்கு உதவாது. அதிகம் குவியும் முனைகளில் 10–15 நிமிடம், வண்டியை விட்டு இறங்கி நின்று, கடைக்காரர்களிடம் பேசிவிட்டு நகர வேண்டும். அதற்கு மேல் நிற்பதில் பலன் குறைவு. நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையில்தான்: ரோந்து வண்டியையே சாதாரணப் புகார்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஜிபிஎஸ் பதிவை வாரந்தோறும் பாருங்கள். கைது எண்ணிக்கையை இலக்காக்கவே கூடாது; பயந்த மக்கள் புகார் தருவதை நிறுத்தினால் வரைபடமே பொய்யாகிவிடும்.