ஐந்து பேர், ஒரு கையேடு, ஏழு 'ஃபைனல்'

கேள்வி: வெவ்வேறு பிரிவுகளில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பயிற்சிக் கையேடு தயாரிக்கிறோம். தலைவர் என்று யாரும் இல்லை, வழக்கமான வேலைக்கு நடுவே செய்வதுதான். பேச்சு வாட்ஸ்அப் குழுவில், ஃபைல் மெயிலில். ஃபைனல், ஃபைனல்2, புதுஃபைனல் என்று ஏழு ஃபைல்கள் சேர்ந்துவிட்டன. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மென்பொருள்கள் கெடு, மணிக்கணக்கு, எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும் என்று ஒருவர் மேலே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் இடத்துக்குத்தான் சரிவரும். நானே ஒரு சின்னக் குழுவுக்கு அப்படி ஒன்றை ஆசையாக அமைத்துக் கொடுத்தேன், மூன்றாவது வாரம் அதில் டிக் அடித்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

உங்களுக்குக் குறைவது மென்பொருள் இல்லை. பேச்சு ஓரிடத்திலும் பேசப்படும் பொருள் வேறிடத்திலும் கிடக்கின்றன, அதுதான் சிக்கல். இது பழைய தலைவலி. 2007-இல் வந்த ஐபிஎம்மின் லோட்டஸ் கனெக்ஷன்ஸ் என்ற அலுவலகக் குழு மென்பொருளில் 'ஆக்டிவிட்டீஸ்' என்று ஒரு பகுதி இருந்தது: ஒரு வேலைக்கு ஒரு பக்கம், அதற்கான ஃபைல், குறிப்பு, லிங்க், செய்ய வேண்டியவை எல்லாம் அதிலேயே. 2009-இல் கூகுள் வேவ் மெயிலையும் சாட்டையும் ஆவணத்தையும் ஒன்றாகக் குழைத்துத் தந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்றே பலருக்குப் பிடிபடவில்லை, அடுத்த ஆண்டே கூகுள் கைவிட்டது. அதனால் எல்லாருக்கும் ஏற்கெனவே பழகிய கருவியாக எடுங்கள். கூகுள் டாக்ஸ் போதும், இணையத்தில் திறக்கும் வேர்டும் சரிதான்.

ஒரே ஆவணம். அதன் முதல் அரைப் பக்கத்தில் ஒரு அட்டவணை: எந்தப் பகுதி, யார் கையில், என்ன நிலை. அப்புறம், பேச்சை முடிந்தவரை கமென்ட்டுக்குள் கொண்டுவாருங்கள். 'அந்தப் படத்தை மாத்தணும்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டால் எந்தப் படம் என்று இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் கட்டைவிரலைக் காட்டுவார், படம் அப்படியே இருக்கும். அதையே டாக்ஸில் படத்தின் மேலேயே கமென்ட் போட்டு, @ அடித்து ஒருவர் பெயரைச் சேர்த்து, கீழே வரும் பொறுப்பு ஒப்படைக்கும் கட்டத்தில் டிக் செய்தால் அவருக்கு மெயில் போகும், படத்தை மாற்றிவிட்டு அவரே அந்தக் கமென்ட்டை முடித்துவைக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் குழம்பாதா என்று பயப்பட வேண்டாம். நீங்கள் 20-ஆம் எழுத்தைத் திருத்தும் அதே நொடியில் இன்னொருவர் அதற்கு முன்னால் ஐந்து எழுத்து சேர்த்தால், உங்கள் திருத்தம் தானாக 25-ஆம் இடத்துக்கு நகர்த்தப்படும். எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989-இல் முன்வைத்த யோசனை இது. எழுத்து மோதாது, கருத்து மோதும். அதற்குத்தான் திருத்தத்தை நேரடியாகச் செய்யாமல் யோசனையாக மட்டும் காட்டும் சஜஷன் மோட் இருக்கிறது, அடுத்தவர் பகுதியில் கை வைக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு ஃபைனலுக்குப் பதிலாக, ஆவணத்தின் பழைய நிலைகளைச் சேர்த்துவைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் 'முதல் சுற்று முடிந்தது' என்று பெயர் வைத்தால் வேண்டும்போது அங்கே திரும்பலாம்.

வாட்ஸ்அப் குழுவை மூடச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே எடுத்த முடிவை மட்டும் யாராவது ஒருவர் அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிட வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள்: ஃபைல் யார் கணக்கில் இருக்கிறது? அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு நீக்கப்பட்டால் ஃபைலும் கூடவே போய்விடலாம், ஆகவே அலுவலகப் பொது டிரைவ் இருந்தால் இன்றே அதற்கு மாற்றிவிடுங்கள். லிங்க் கிடைத்தவர் யாரும் திருத்தலாம் என்ற அனுமதி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, ஐந்து பேர் பெயரை மட்டும் சேருங்கள்.