தாய்லாந்து போனால், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் நல்ல கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மணியைப் பாருங்கள். கடையை அப்புறம் பார்க்கலாம். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் பாங்காக்கில், சீலோம் பக்கம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர்கள் இறங்கியதும் கேட்பது, "இங்க நல்ல ஹோட்டல் எதுடா?" என்பதுதான். அந்தக் கேள்வி அங்கே அதிகம் உதவாது. தாய்லாந்தில் நல்ல கடை என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு வகைச் சாப்பாட்டை, நாளின் ஒரு பொழுதில் மட்டும், வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கும் கடை. காலை ஆறரைக்கு அமர்க்களப்படும் நடைபாதை பத்து மணிக்குக் காலியாகிவிடும். அதே இடத்தில் சாயங்காலம் வேறொருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். மதியம் மூன்று மணிக்குப் பசித்துப்போய்க் கிளம்பினால் எப்பேர்ப்பட்ட தெருவிலும் சுமாரான கடைதான் வாய்க்கும்.

விடிந்ததும் ஜோக் எனும் குழைந்த அரிசிக் கஞ்சி, கரி அடுப்பில் வாட்டிய பன்றி இறைச்சிக் குச்சி, அதோடு சிறு பையில் கட்டித் தரும் ஒட்டரிசிச் சோறு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். கோழி வேகவைத்த சாற்றில் வடித்த சோற்றோடு கோழித்துண்டுகளை வைத்துத் தரும் காவ் மன் கை கடைகள் பலவற்றில் மதியத்துக்குள் சட்டி கவிழ்ந்துவிடும். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை காவ் கேங் எனும் சோறு-குழம்புக் கடைகளின் ராஜ்ஜியம். நூடுல்ஸ் கடைகளுக்கும் மதியக் கூட்டம்தான். மாலை ஆறுக்கு மேல் இரவுச் சந்தைகள், சோம் தம் எனும் பப்பாளிக்காய்ச் சாலட், வாட்டிய மீன், சீனத்தெரு யாவராட்டின் கடல் உணவு. இந்த வரிசை மனசில் இருந்தால், புதிய ஊரிலும் எந்த நேரத்தில் எதைத் தேடுவது என்று திகைக்க வேண்டாம்.

என் ஓட்டு காவ் கேங்குக்கு. கண்ணாடிப் பெட்டியிலோ மேசை மேலோ பதினைந்து இருபது தட்டுகளில் குழம்பும் பொரியலும் வறுவலும் வைத்திருப்பார்கள். மெனு அட்டை கிடையாது, மொழி தெரிய வேண்டியதில்லை, விரலால் காட்டினால் போதும். சோற்றின் மேல் ஒரு குழம்பா இரண்டா என்பதை வைத்து விலை. சாதாரணத் தெருவில் 50, 60 பாட்டுக்குள் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) முடிந்துவிடும். தென் தாய்லாந்துக்காரர்கள் நடத்தும் கடையாக இருந்தால் மஞ்சள் தூக்கலாக, காரம் கண்ணைக் கலங்கடிக்கும். தட்டுகள் எல்லாமே நிரம்பி வழிந்து, ஆனால் ஆளில்லாமல் இருந்தால் விலகிப்போங்கள். பாதி தட்டு வழித்துத் துடைத்திருக்கும் கடைதான் சரி. அதாவது, பந்திக்கு முந்தத்தான் வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்து இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நின்றால் நல்லதெல்லாம் கிடைக்கும்.

"உள்ளூர்க்காரர்கள் கூட்டம் இருக்கும் கடையில் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். மகாசாய் சாலையில் இருக்கும் ஜே ஃபாய் கடைக்கு 2017 இறுதியில் வெளிவந்த முதல் பாங்காக் மிஷலின் உணவகக் கையேட்டில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைக்கார அம்மாள் ஜே ஃபாய் போடும் நண்டு ஆம்லெட் ஆயிரம் பாட்டுக்கு மேல். பக்கத்திலேயே பாட் தாய் எனும் வறுத்த நூடுல்ஸுக்குப் பேர்போன திப் சமாய் கடை. இரண்டு வாசலிலும் நீண்ட வரிசை நிற்கும், அதில் பாதிக்கு மேல் கேமராக்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் மூன்று தெருக்கடைகளில் சாப்பிட்டுவிடலாம். பாட் தாயும் தாய் மக்கள் தினமும் தேடித்தேடிச் சாப்பிடும் பண்டமில்லை. பிபுன் பிரதமராக இருந்த காலத்தில் அரசாங்கமே தேசிய உணர்வோடு சேர்த்து ஊக்குவித்துப் பரப்பிய உணவு அது. அலுவலக நண்பர்கள் யோசிக்காமல் ஆர்டர் செய்தது துளசியும் மிளகாயும் போட்டு வதக்கிய இறைச்சியைச் சோற்றில் கொட்டி, மேலே பொரித்த முட்டை வைத்துத் தரும் பாட் கப்ராவைத்தான்.

நான் பார்ப்பது கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்களையும் சீருடைக்காரர்களையும். தினம் அதே தெருவில் சாப்பிட்டாக வேண்டியவர்களை ஒரு கடைக்காரர் ஒரு வாரத்துக்கு மேல் ஏமாற்ற முடியாது. அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், பல்கலைக்கழகம் இவற்றின் பின்பக்கச் சந்துகள் எனக்கு நம்பகமானவை. சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய வாங் லாங் சந்தை நல்ல உதாரணம். அரண்மனையைப் பார்த்து முடித்த சுற்றுலாக்காரர்கள் எதிரிலேயே ஐஸ் காபிக்குக் காசை அழுதுகொண்டிருப்பார்கள். சில பாட் கொடுத்துப் படகில் சாவ் பிரயா ஆற்றைத் தாண்டினால் நர்ஸுகளும் மருத்துவ மாணவர்களும் சாப்பிடும் சந்து. 1900இல் தொடங்கிய நாங் லேர்ங் சந்தையும் அப்படித்தான். சுற்றியிருக்கும் அரசு அலுவலக ஆட்கள் வார நாள் மதியம் அங்கே குவிவார்கள்.

இன்னொரு அடையாளம், கடை வாசலில் டெலிவரி பெட்டியோடு காத்திருக்கும் பைக்குகள். அக்கம்பக்கத்து வீடுகள் அந்தக் கடையில்தான் ஆர்டர் செய்கின்றன என்று அர்த்தம்.

சுவர்களையும் பாருங்கள். பழைய கடைகளில் ஒரு கிண்ணம் வரைந்த பலகை தொங்கும். அது ஷெல் சுவான் சிம். தனத்ஸ்ரீ ஸ்வஸ்தி என்ற அரச வம்சத்துச் சாப்பாட்டு எழுத்தாளர், ஷெல் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் தொடங்கிய பரிந்துரை முத்திரை. மிஷலின் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தாய்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வெளியூர்களில் கடை தேடினார்கள். முத்திரை வாங்கியது அப்பா காலத்தில், சமைப்பது மகன் என்பதும் நடக்கும், எனவே பலகையோடு கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிஷலினில் நட்சத்திரத்தைவிட பிப் கூர்மாண்ட் பட்டியல் நமக்கு உபயோகம். கொடுக்கிற காசுக்குத் தரமான கடைகளுக்கென்றே உள்ள பட்டியல் அது, தெருக்கடைகளும் நிறைய உண்டு.

போனில் தேடுவதாக இருந்தால், தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டாதீர்கள். அன்று என்ன சாப்பிட ஆசையோ அதன் பெயரைத் தாய் எழுத்தில் எங்கிருந்தாவது நகலெடுத்து கூகுள் மேப்ஸில் ஒட்டுங்கள். வெளிநாட்டவர் கண்ணில் படாத கடைகள் வரிசையாக வந்து நிற்கும். மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விமர்சனங்கள் தாய் மொழியில் இருக்கின்றனவா, படங்களில் எல்லா மேசையிலும் ஒரே பண்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தாய்க்காரர்கள் வோங்னாய் என்ற செயலியை நம்புகிறார்கள். மொழிபெயர்ப்பு வசதியோடு நாமும் ஒப்பேற்றலாம். பழைய வலைப்பதிவுகளின் பட்டியல்களிடம் மட்டும் உஷார். நடைபாதைக் கடைகளை நகராட்சி பல இடங்களில் அப்புறப்படுத்திவிட்டது, சில இடங்களில் அடுக்குமாடி வந்துவிட்டது. சுகும்வித் சோய் 38 இன்றும் சில பட்டியல்களில் சொர்க்கமாக வருகிறது. அந்தப் பழைய இரவுக் கடைவரிசை கலைந்து பல வருஷமாகிறது. பாங்காக்கில் திங்கட்கிழமை தெருவைச் சுத்தம் செய்யும் நாள் என்பதால் பல தள்ளுவண்டிகள் அன்றைக்கு வராது. அன்றைக்குக் கூரையுள்ள சந்தைக்கோ மால்களின் ஃபுட் கோர்ட்டுக்கோ போங்கள். பாங்காக்கின் அசோக் பகுதியில் டெர்மினல் 21 மாலின் மேல்தளத்திலுள்ள பியர் 21இல் விலை தெருவோர விலைதான்.

இனி, நம் ஆட்கள் உண்மையில் கேட்க விரும்பும் விஷயம்: சைவம்.

இதில் ஏமாற்றம் நிறைய உண்டு. "வெஜிடபிள்" என்று சொன்னால் காய்கறி போட்டுத் தருவார்கள், மீன் சாற்றையும் ஊற்றித்தான் தருவார்கள். "நாம் ப்லா" எனும் அந்த மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. சிப்பிச் சாறு, உலர்ந்த இறால் தனி. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு இரண்டின் அரைப்பிலும் வழக்கமாகக் கப்பி எனும் இறால் விழுது இருக்கும். இறைச்சியை எடுத்துவிட்டாலும் குழம்பு சைவமாகாது. நூடுல்ஸ் சாறு எலும்பில் கொதித்தது. பாங்காக்கில் விக்டரி மானுமெண்ட் பக்கம் சின்னச்சின்னக் கிண்ணத்தில் வரும் படகு நூடுல்ஸின் சாறு கறுப்பாக, கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதில் கலக்கும் ரத்தம். அசைவக்காரர்களும் தெரிந்து சாப்பிடுவது நல்லது.

தேட வேண்டியது மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து. தாய் எழுத்துத் தெரியாத கண்ணுக்கு அது 17 என்று எழுதியதுபோல இருக்கும். அதுதான் ஜே. சீன பௌத்த வழக்கத்தில் வந்த இந்த உணவில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். வெங்காயம் தொடாத பாட்டியைக்கூடத் தைரியமாக அழைத்துப் போகலாம். வாத்துக்கறி, பன்றிக்கறி போலவே ஏதோ கிடந்தால் பதறாதீர்கள், சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தவை. மங்சவிராட் என்ற சொல்லும் சைவத்தைக் குறிப்பதுதான், ஆனால் அதில் முட்டை வரலாம். என் அம்மா வந்திருந்தபோது பக்கத்துச் சந்தின் ஜே கடை அக்காவிடம்தான் தினமும் மதியச் சாப்பாடு. இரண்டாம் நாளே அம்மா எனக்கு முன்னால் போய் நின்று தட்டுகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். "நீ ஆபீஸ் போடா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாட்கள் நாடு முழுக்க ஜே விழா. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். பூகெட்டில் ஊரே திரளும். பாங்காக் யாவராட்டில் தெரு நெடுக மஞ்சள் கொடி. பல ஆண்டுகளில் இதுவும் நவராத்திரியும் ஒரே நாட்களில் அமையும். அப்போது சீலோமில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் விஜயதசமி ஊர்வலத்துக்குத் தாய்க்காரர்கள் சாலை கொள்ளாமல் கூடுவார்கள். சைவக்காரர் பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், இதைவிடத் தோதான நாட்கள் இல்லை.

ஜே கடை கிடைக்காத நேரத்தில் இனிப்பு கைகொடுக்கும். கனோம் க்ரோக் வண்டியைப் பார்த்தால் நம் பணியாரக் கல்தான் நினைவுக்கு வரும். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றி, ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் இளகலாக எடுப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழமும் ஒட்டரிசியும். ஹலால் தேடுபவர்களுக்குப் பிறையும் நட்சத்திரமும் போட்ட பச்சைப் பலகை. மஞ்சள் சோற்றில் கோழி வைத்த காவ் மோக் கை அங்கே கிடைக்கும், நம் பிரியாணிக்குச் சொந்தக்காரர்தான்.

சியாங் மாய் போனால் காவ் சோய் சாப்பிடாமல் வராதீர்கள். சீனாவின் யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களோடு சேர்த்துப் பேசப்படும் உணவு, தேங்காய்ப் பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ். பான் ஹோ பள்ளிவாசல் சந்தில் அதற்கென்றே கடைகள். அதே சந்தின் அருகில் வெள்ளிக்கிழமை காலை மட்டும் கூடும் யுன்னான் சந்தை இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டு இடம். ஞாயிறு நடைத்தெருச் சந்தையைவிட இதற்குத்தான் நான் அலாரம் வைத்து எழுவேன்.

சுத்தம் பற்றிப் பயந்து மால்களுக்குள்ளேயே முடங்க வேண்டாம். கண்ணெதிரே நெருப்பில் வேகிறதா, பொருள் சீக்கிரம் தீர்கிறதா, இரண்டு போதும். நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பயமில்லை. காரம் குறைவாக வேண்டுமென்றால் "பெட் நோய்" என்று சொல்லுங்கள். நம் ஆட்கள் வீம்புக்குச் சொல்லாமல் விட்டு, சோம் தம் கடையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மேசையில் மீன் சாறு, சர்க்கரை, மிளகாய்த்தூள், வினிகரில் ஊறிய மிளகாய் என நான்கு கிண்ணம் இருக்கும். நூடுல்ஸை அவரவர் நாக்குக்குத் திருத்திக்கொள்வதற்குத்தான். சில்லறையாக 20, 100 பாட் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், காலை ஏழு மணிக்கு ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் எந்த அக்காவுக்கும் முகம் மாறும்.

பாங்காக்கில் ஒரே ஒரு மதியம்தான் இருக்கிறது என்றால், வார நாளாகப் பார்த்து பதினொன்றரைக்கு நாங் லேர்ங் போய்விடுங்கள். ஞாயிறு என்றால் அங்கே பெரும்பாலும் மூடியிருக்கும். சதுசாக் சந்தைக்கு எதிரிலுள்ள ஓர் தோர் கோர் சந்தைக்குப் போகலாம். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் பழமும் குழம்பும் முதல் தரம். காம்பேங் பெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே இருக்கிறது.