எஸ்டேட் ஊர்ல விலங்கு நலனுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தணும்னா எதுல இருந்து தொடங்கணும்?

கேள்வி கேட்டவங்க சொன்னது இதுதான்: மலேசியாவுல பேராக் மாநிலத்துல ஒரு எஸ்டேட் டவுன், கூட்டாளிங்க ஏழெட்டு பேர் சேர்ந்து அக்டோபர் 4 உலக விலங்குகள் தினத்துக்கு நாய்க்குட்டிங்கள தத்து குடுக்குற அடோப்ஷன் கார்னிவல் ஒன்னு வைக்கலாம்னு பேசியிருக்காங்க, டீசர்ட் அடிக்க காசும் சேர்த்தாச்சு, இது சரியா வருமா, வாலண்டியருங்கள எப்படி சேர்க்குறதுன்னு கேக்குறாங்க. நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான், செம்பனைக்கு நடுவுல வளர்ந்தவன், இந்த வேலையில கொஞ்ச வருஷமா இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

கார்னிவல் வேணாம். அந்தக் காச அப்படியே எடுத்து ஒரு நாள் கருத்தடை கேம்ப் வைங்க, கூடவே ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி.

அடோப்ஷன் ஈப்போ மாதிரி ஊருக்கு சரி, அங்க நாய் வேணும்னு தேடி வர்ற சனம் இருக்கு. நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு ஏற்கனவே நாய் இருக்கு. கார்னிவலுக்கு சின்னப் பிள்ளைங்க வரும், குட்டிய தூக்கிக் கொஞ்சும், அம்மாகிட்ட அழுது ஒன்ன வாங்கிட்டுப் போகும், அதுவும் கடுவனாப் பார்த்துதான் எடுப்பாங்க, பொட்டக்குட்டிங்க சாயங்காலம் வரைக்கும் பெட்டியிலேயே உக்காந்திருக்கும். எடுத்துட்டுப் போனவங்களும் ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, அடுத்த வருஷம் அதே குட்டியோட குட்டிங்களுக்கு நீங்க இன்னொரு கார்னிவல் வைக்க வேண்டியதுதான்.

நம்ம பக்கம் இவ்ளோ தெருநாய் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்த காலத்துல நாய்தான் காவல், பாம்பு வந்தா காட்டிக் கொடுக்கும், ராத்திரி காட்டுப்பன்னி வந்தா குலைக்கும். அப்புறம் பல தோட்டங்கள துண்டு போட்டு வித்தாங்க, லயத்த இடிச்சாங்க, சனங்க தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போயிட்டாங்க, அடுக்குமாடியில நாய் வளர்க்க விட மாட்டாங்க, அதனால நாய் மட்டும் அங்கேயே நின்னுடுச்சு. அதுங்களோட பேரன் பேத்திங்கதான் இன்னிக்கு கோயில் வாசல்லயும் பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) முடிஞ்ச தெருவுலயும் சுத்துறதுங்க. யாருமில்லாத நாய் கிடையாது அதுங்க, நம்ம சனம் விட்டுட்டு வந்த நாய்ங்க. எனக்கு அது ரொம்ப மனசுல இருக்கு, அதனாலதான் இந்த வேலைய விட முடியல.

புடிச்சுட்டுப் போயிட்டா தீர்ந்துடும்னு சிலர் சொல்வாங்க. தீராது. பத்து நாய புடிச்சாலும் அந்த எடத்துல குப்பையும் மிச்ச சோறும் அப்படியேதான் கிடக்கும், பக்கத்துத் தோட்டத்து நாய் வந்து எடத்தப் புடிச்சுக்கும். பொட்டநாய்க்கு சினை சுமார் 63 நாள்தான், வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போடும். ஆபரேஷன் பண்ண நாய் அதே எடத்துல இருந்தா புதுசா ஒன்ன லேசுல உள்ள விடாது, குட்டியும் போடாது, அதான் வித்தியாசம்.

இப்போ கேம்ப் எப்படின்னு சொல்றேன். மலேசியாவுல 1974-ல வந்த கால்நடை மருத்துவர் சட்டப்படி பதிவு பண்ண டாக்டர்தான் கத்திய எடுக்கலாம், அதனால முதல்ல டாக்டர், அப்புறம்தான் தேதி, எடம் எல்லாம். உங்க ஊர்ல வெட் இல்லேன்னா ஈப்போவுல கேளுங்க, அங்க உள்ள விலங்கு நலச் சங்கத்துகிட்டயும் கேளுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்ற டாக்டருங்க இருக்காங்க. ஒரு டாக்டர் ஒரு நாள்ல எத்தனை பண்ண முடியும்னு அவரே சொல்லட்டும், அதுக்கு மேல ஒரு நாய் கூட சேர்க்காதீங்க, யாரு கெஞ்சினாலும் சரி. அசதியில இருக்குற கையில ஆபரேஷன் நடக்கக் கூடாது.

எடத்துக்கு பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) நல்லது, தண்ணி, லைட், கழுவி விடுற தரை, மூனும் இருக்கும். கோயில் மண்டபத்துல ரத்தம் சிந்துற வேலை வேணாம்னு பெரியவங்க சொல்வாங்க, அதுல நியாயம் இருக்கு, வாதாடாதீங்க. ஆனா கோயில் மைக் உங்களுக்கு வேணும். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் தலைவர் ரெண்டு நிமிஷம் சொன்னார்னா உங்க போஸ்டர் பத்து ஒட்டுனதுக்கு மேல.

அடுத்தது கணக்கெடுப்பு. இதுக்கு ஒவ்வொரு தெருவுலயும் ஒரு பாட்டி இருப்பாங்க, காலையில பசியாறுனதுமே மிச்ச ரொட்டியையும் பழைய சோத்தையும் பிசைஞ்சு நாய்ங்களுக்கு வைக்கிறவங்க. அவங்கதான் உங்க ஆளு. எந்த நாய் சினை, எது கடிக்கும், எது பால் குடுத்துக்கிட்டு இருக்கு எல்லாம் அவங்களுக்குத் தெரியும், அவங்க கூப்பிட்டா வர்ற நாய் நீங்க வலை எடுத்துட்டுப் போனா செம்பனைக்குள்ள ஓடிப் போயிடும். எங்க பக்கத்துல ஒரு பாட்டி, முதல்ல ஒரேடியா மறுத்துட்டாங்க, "தாயாகுறத தடுக்குறது பாவம்யா, வயித்தெரிச்சல கொட்டிக்காதீங்க"ன்னு. நான் பதில் பேசல, எங்க கூட வந்த அக்காதான் கேட்டாங்க, போன தடவ போட்ட குட்டிங்க இப்ப எங்க பாட்டின்னு. ரெண்டு ரோட்டுல அடிபட்டுச்சு, மத்ததெல்லாம் பார்வோ (குட்டிங்கள கொல்ற வைரஸ் நோய்) வந்து ரத்தமா கழிஞ்சு செத்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி நானே தூக்கிட்டு வர்றேன், நீங்க கயிறு போட்டு இழுக்காதீங்கன்னாங்க. கேம்ப் அன்னிக்கு பழைய கைலியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு வேன்ல வந்தாங்க, நாயோட தலைய முந்தானையால மூடியிருந்தாங்க, நாய் சத்தமே போடல. கண்ணு மறைஞ்சா நாய்க்கு பயம் குறையும், இது உண்மையிலேயே வேலை செய்யும், உங்க ஆளுங்களுக்கும் சொல்லிக் குடுங்க.

இதே மாதிரி இன்னும் ரெண்டு பேச்சு வரும். ஒரு தடவையாவது குட்டி போட்டாதான் நாய்க்கு நல்லதுன்னு சொல்வாங்க, அது இல்லவே இல்ல, முதல் தடவ பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பண்ணா பின்னால பால்மடியில கட்டி வர்ற வாய்ப்பு ரொம்ப குறையும். கடுவன பண்ணா காவல் காக்காதும்பாங்க, அதுவும் இல்ல, அது வீட்ட விட்டு பொட்டநாய தேடி ஓடுறதுதான் குறையும்.

ராத்திரியே சாப்பாட்ட நிறுத்தணும், ஏன்னா மயக்கத்துல வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். நம்ம ஊர்ல இதுதான் கஷ்டம், நீங்க நிறுத்துனாலும் பக்கத்து வீட்டுக்காரர் பிஸ்கட் போடுவார், மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) எலும்பு வீசுவாங்க. முதல் நாள் சாயங்காலமே புடிச்சு கட்டி வைங்க, கழுத்துல ஒரு அட்டையில "நாளைக்கு ஆபரேஷன், சோறு போடாதீங்க"ன்னு தமிழ்லயும் மலாய்லயும் பெருசா எழுதி மாட்டுங்க. குட்டிங்களுக்கு எவ்ளோ நேரம் பட்டினின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அதுங்களுக்கு நேரம் குறைவு.

எஸ்டேட் ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, டவுன்காரங்களுக்குத் தோணாது. செம்பனையில எலிக்கு மருந்து வைப்பாங்க, ரத்தம் உறையாம பண்ற மருந்து. அத தின்ன எலிய நாய் தின்னாலும், மருந்தையே தின்னாலும், சில நாளைக்கு ஒன்னும் தெரியாது, நடமாடிக்கிட்டுதான் இருக்கும். அந்த நாய மேசையில படுக்க வச்சு வெட்டுனா ரத்தம் நிக்காது. அதனால கேம்ப் தேதி முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி தோட்டத்து ஆபீஸ்ல போய் மருந்து எப்போ வைக்கிறாங்கன்னு கேளுங்க, கேட்டா சொல்வாங்க, அதுலேர்ந்து சில வாரம் தள்ளி வைங்க. உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான், நம்ம நாய்ங்க காதுக்குள்ள பார்த்தா திராட்சை மாதிரி உண்ணி தொங்கும், அந்தக் காய்ச்சல்லயும் ரத்தம் உறையுறது குறையும். பதிவு மேசையில உக்கார்ற வாலண்டியர் ஒவ்வொரு நாயோட உதட்டையும் தூக்கி ஈறப் பார்க்கணும். ரோஸா இருந்தா உள்ள போகலாம். வெளுத்திருந்தாலோ, சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி இருந்தாலோ டாக்டர்கிட்ட தனியா காட்டணும், அன்னிக்கு அதுக்கு ஆபரேஷன் கிடையாது, மருந்துதான்.

ஆபரேஷன் முடிஞ்ச எடத்துல, அதாவது மயக்கம் தெளியிற மூலையில, உங்க நல்ல ஆளுங்கள போடுங்க. படம் எடுக்க எல்லாரும் ஆபரேஷன் மேசைப் பக்கம் போய் நிப்பாங்க, ஆனா கவனம் வேண்டியது இங்கதான். மயக்கத்துல உடம்பு சூடு எறங்கிடும், சிமெண்ட் தரையில வெறுமனே போடக் கூடாது, கீழ நியூஸ்பேப்பர், மேல டவல். நாக்க பக்கவாட்டுல வெளிய இழுத்து விடணும், கண்ணு திறந்தே இருக்கும், அது காயாம டாக்டர் குடுக்குற களிம்பு போட்டிருக்கான்னு பார்க்கணும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும். காதுல சின்னதா ஒரு வெட்டு போட்டிருப்பாங்க, ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளம், அடுத்த தடவ அதே நாய திரும்பப் புடிச்சு வயித்தக் கிழிக்காம இருக்க. தானா எழுந்து நடக்குற வரைக்கும் எந்த நாயையும் வெளிய விடாதீங்க, தெருநாயா இருந்தா ஒரு ராத்திரியாவது கூண்டுல இருக்கட்டும்.

ரேபீஸ் ஊசிய கண்டிப்பா சேருங்க. 2015-ல பெர்லிஸ், கெடா, பினாங்குல ரேபீஸ் வந்துச்சு, 2017-ல சரவாக்குல வந்து ஆளுங்களே செத்தாங்க. ஒரு எடத்துல 70 விழுக்காடு நாய்க்கு ஊசி போட்டா பரவுறத நிறுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊசி போட வர்ற வீட்டுக்காரங்ககிட்டயே நாய் லைசன் பாரத்தையும் நீட்டுங்க. பிள்ளைங்களுக்கு ஒன்னே ஒன்னு சொல்லிக் குடுங்க, நாய் கடிச்சா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள் மிளகாய் எதுவும் வைக்காம கிளினிக்குக்கு ஓடணும்.

வாலண்டியர் விஷயம். நாய தொடத் தெரிஞ்சவங்க கொஞ்ச பேர் போதும். மத்தவங்க எல்லாம் வேன் ஓட்டுறவங்க, பேரு எழுதுறவங்க, டவல் துவைக்கிறவங்க, மத்தியானம் எல்லாருக்கும் சோறு ஆக்குறவங்க. தமிழ்ப்பள்ளி பிள்ளைங்கள பதிவு மேசைக்கும் அட்டை எழுதுறதுக்கும் விடுங்க, நாய்கிட்ட விடாதீங்க. மலாய்க்காரங்க வர மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஈர நாய தொட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒன்னு மண்ணு கலந்த தண்ணியா இருக்கணும், அது அவங்க முறை, அத மதிச்சு பூனைக்குன்னு தனி மேசை, தனி வாசல் வைங்க. எங்க பக்கத்து மலாய் கம்பத்துல (கிராமம்) இருந்து பூனைய தலையணை உறையில போட்டுத் தூக்கிட்டு மலாய் அம்மாமாருங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்தாங்க. பூனை நாலு மாசத்துலயே சினையாகலாம், அதனால அந்த மேசை காலியாவே இருக்காது.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. முன்னெல்லாம் விலங்க கொடுமை பண்ணா அபராதம் 200 வெள்ளிதான் (ரிங்கிட்). 2015 விலங்கு நலச் சட்டம் 2017-ல அமலுக்கு வந்தப்புறம் 20,000 வெள்ளியில இருந்து 1 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். யாராச்சும் தெருநாய்க்கு விஷம் வச்சாங்கன்னா படம், தேதி, எடம் எல்லாத்தோட கால்நடைச் சேவைத் துறைகிட்ட புகார் குடுக்கலாம். கேம்ப் அன்னிக்கு இத ஒரு பலகையில எழுதி வாசல்லயே வைங்க, பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

தேதி அக்டோபர் 4தான்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் பாதியில இருந்து நவம்பர் பாதிக்குள்ள வருது, பட்டாசு சத்தத்துக்கு தையல் போட்ட நாய் வேலி தாண்டி ஓடுனா பிரிஞ்சுடும், தேடுறதும் கஷ்டம். தையல் ஆற 10 நாளில இருந்து ரெண்டு வாரம் ஆகும், மழையும் அந்த நேரத்துலதான் கொட்டும். ஆகஸ்ட்ல வச்சா எனக்குத் தெரிஞ்சு நிம்மதி.

டீசர்ட் காசுல டவல், காலர், உண்ணி மருந்து வாங்குங்க. இன்னும் மிச்சம் இருந்தா பெட்ரோலுக்கு ஒதுக்குங்க, ஏன்னா கேம்ப்ல கண்டிப்பா ஒன்னு ரெண்டு நாய்க்கு பிறப்புறுப்புல காலிஃபிளவர் மாதிரி ரத்தம் ஒழுகுற கட்டி இருக்கும், இணை சேரும்போது ஒன்னுலேர்ந்து ஒன்னுக்கு ஒட்டுற புற்று அது. பார்க்க பயமா இருக்கும், ஆனா வாரத்துக்கு ஒரு ஊசின்னு சில வாரம் விடாம போட்டா பெரும்பாலும் முழுசா குணமாகிடும், நடுவுல விட்டா திரும்ப வளரும். அதுக்கு வாராவாரம் அந்த நாய ஈப்போவுக்கு ஏத்திட்டுப் போய் கூட்டிட்டு வர ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேர் யாருன்னு கேம்ப்புக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க.